சோடியம் விளக்கும் ஹீலியம் குழாயும்: சின்னக் கல்லூரியில் இயற்பியல் படித்தால்

சிங்கப்பூரின் ஈசூனில் அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் சாப்பாட்டுக்கு முன் ஏதாவது ஒரு பஞ்சாயத்து இருக்கும். போன மாதப் பஞ்சாயத்து பிசிக்ஸைப் பற்றி. பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் தொடக்கக் கல்லூரியில் (ஜேசி) இரண்டாம் ஆண்டில் இருக்கும் அக்கா மகளுக்கு அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் இயற்பியல் படிக்க ஆசை. அந்தக் கல்லூரியில் மொத்தமே 1,700 மாணவர் போல. இவள் இப்போது படிக்கும் இடத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "இவ்வளவு செலவு பண்ணிப் போறது இன்னொரு ஜேசிக்கா?" என்றார் அத்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும் பிசிக்ஸ்தானே படிச்சே. நீயே சொல்லு. இதைப் படிச்சா என்ன வேலை?"

நான் படித்ததும் சின்னக் கல்லூரிதான். ஆனால் அது வேறு மாதிரிச் சின்னது. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் வேலையைப் பற்றிப் பேச முடியாது என்பதால் பதில் நீண்டு, சாம்பார் ஆறிவிட்டது. அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கல்லூரி. அமெரிக்காவில் இதை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பார்கள். 'ஆர்ட்ஸ்' என்றதும் அத்தானின் முகம் சுருங்கியது. நம் ஊர்ப் பக்கம் 'கலை அறிவியல் கல்லூரி' என்று பலகை வைத்திருப்பார்களே, அதில் உள்ள கலை மாதிரிதான். வேதியியலும் உண்டு, வரலாறும் உண்டு. வேறுபாடு பாடத்தில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. இங்கே முனைவர் பட்ட மாணவர்கள் கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தை அன்றாடம் நடத்துவது அவர்கள்தான். விலை உயர்ந்த கருவியைத் தொட இளநிலை மாணவருக்கு வாய்ப்பு வருவதற்குள் பட்டமளிப்பு விழாவே வந்துவிடும். சின்னக் கல்லூரிப் பேராசிரியருக்கோ கைக்கு ஆள் வேண்டுமென்றால் இரண்டாம் ஆண்டு மாணவியைத்தான் கூப்பிட வேண்டும். வேறு யாரும் இல்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியைச் சொல்லலாம். அங்கே 1968 முதல் 250 கிலோவாட் திறனுள்ள ஒரு சிறிய ஆய்வு அணு உலை இருக்கிறது. அதை இயக்குபவர்கள் பெரும்பாலும் இளநிலை மாணவர்கள். தேர்வு எழுதி அரசாங்க உரிமம் வாங்கி இயக்குகிறார்கள். இதைச் சொன்னதும் அக்கா மகளின் கண் விரிந்தது, அக்காவின் கண் வேறு காரணத்துக்காக விரிந்தது.

சிங்கப்பூருக்கும் இந்த மாதிரி ஒரு கல்லூரி இருந்தது. யேல்-என்யுஎஸ் கல்லூரி 2013இல் முதல் அணியைச் சேர்த்தது. மொத்தம் ஏறத்தாழ ஆயிரம் பேர், இயற்பியலும் வேதியியலும் கலந்த ஒரு முதன்மைப் பாடம், சிறிய வகுப்புகள். 2021இல் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2025இல் கடைசி அணி வெளியேறியது. அது மூடப்பட்டது சரியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இன்று உள்ளூரில் இயற்பியல் பட்டம் என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற இரண்டு பெரிய வாசல்கள்தான்.

சரி, சின்னக் கல்லூரிக்கும் சிங்கப்பூர்ப் பிழைப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அயோவா மாநிலத்தில், சோள வயல்களுக்கு நடுவே கிரின்னல் என்று ஒரு கல்லூரி. 1940களின் கடைசியில் அங்கே இயற்பியல் படித்த ராபர்ட் நாய்ஸ் என்ற இளைஞர், விடுதி விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் ஒரு பன்றிக்குட்டியைத் திருடி மாட்டிக்கொண்டார். விவசாய மாநிலத்தில் அது சிறைக்குப் போகக்கூடிய குற்றம். பேராசிரியர் கிராண்ட் கேலும் கல்லூரித் தலைவரும் பரிந்து பேசியதால் ஒரு பருவ இடைநீக்கத்தோடு போயிற்று. நூறு பேர் உள்ள வகுப்பில் பேராசிரியருக்குப் பையனின் பெயரே தெரிந்திருக்காது.

அந்தக் கேல்தான் பெல் ஆய்வகத்தில் 1947 டிசம்பரில் பிறந்த டிரான்சிஸ்டரைப் பற்றிக் கேள்விப்பட்ட உடனே தகவலுக்கும் மாதிரிக்கும் கடிதம் போட்டவர். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீன் அவருக்குக் குடும்பப் பழக்கம். பெல் ஆய்வகத்தின் தலைவர் ஆலிவர் பக்லி அதே கிரின்னலின் பழைய மாணவர். இப்படித்தான் சோளக்காட்டுக் கல்லூரியில் உட்கார்ந்திருந்த நாய்ஸ், டிரான்சிஸ்டரை வகுப்பிலேயே படித்தார். 1949இல் பட்டம், 1953இல் எம்ஐடியில் முனைவர் பட்டம், 1957இல் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கிய எட்டுப் பேரில் ஒருவர், 1959இல் சிலிக்கான் ஒருங்கிணைந்த மின்சுற்று, அதாவது இன்று நாம் சிப் என்பது, 1968இல் இன்டெல்.

1960களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்த முதல் அமெரிக்க மின்னணு நிறுவனங்களில் அந்த ஃபேர்சைல்டும் ஒன்று. நுண்ணோக்கிக்கு முன் குனிந்து, தலைமுடியை விட மெல்லிய கம்பிகளைச் சிப்பில் பொருத்திய இளம் பெண்களின் தலைமுறை அப்படித் தொடங்கியது. இன்று உலகில் தயாராகும் சிப்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இந்தத் தீவில் தயாராகிறது. உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பக்கம் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். சிப் தயாரிக்கும் 'ஃபேப்' என்பது அவைதான். நான் வேலை செய்வதும் அப்படி ஒன்றில்தான்.

இப்போது என் கல்லூரி. காவிரிக்கரையில் ஒரு சிற்றூர், இயற்பியல் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். சின்னதுதான். ஆனால் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும், கேள்வித்தாளும் அங்கிருந்தே வரும். ஆசிரியர் நினைத்தாலும் ஒரு சோதனையைக் கூட மாற்ற முடியாது. செய்முறைக் கூடத்தில் சோடியம் விளக்கு ஒன்றே ஒன்று. போட்டதும் முதலில் இளஞ்சிவப்பாக எரியும். பத்து நிமிடம் காத்திருந்தால் மெல்ல மஞ்சளாகும். அந்தப் பத்து நிமிடம் எட்டுப் பேர் சுற்றி நின்று கதை பேசுவோம். பிறகு நியூட்டன் வளையங்களை எண்ண வேண்டும். நுண்ணோக்கியில் கண் வைப்பவன் ஒருவன், எழுதுபவன் ஒருவன், மற்ற ஆறு பேர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவோம். சோடியம் ஒளியின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வளையங்களின் விட்டத்தை எழுதுவோம். 5893 என்றே போட்டால் சந்தேகம் வரும் என்று 5887, 5901 என்று கொஞ்சம் தள்ளிப் போடுகிற சாமர்த்தியமும் உண்டு. மூன்று ஆண்டில் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கூட அந்தக் கூடத்தில் நான் கேட்டதில்லை.

அதன் விலை சிங்கப்பூரில்தான் தெரிந்தது. முதுநிலை முடித்து ஃபேபில் சேர்ந்த மூன்றாவது வாரம், இரவு ஷிஃப்ட். ஒரு கருவியின் வெற்றிட அறையில் அழுத்தம் இறங்க மறுத்தது. பம்பு ஓடுகிறது, எண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அறைக்குள் காற்று எங்கிருந்தோ கசிகிறது. முதுநிலைப் பட்டம் பெற்ற நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெற்றிட அளவியைப் படத்தில் பார்த்தவன், தொட்டவன் இல்லை. பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்த மலாய் நண்பர் ஒருவர் ஹீலியம் குழாயையும், அறைக்குள் ஹீலியம் புகுந்தால் கத்தும் கருவியையும் கொண்டுவந்தார். ஒவ்வோர் இணைப்பின் மேலும் ஒரு சிறு பீச்சல், ஒரு காத்திருப்பு. மேலிருந்து தொடங்கிக் கீழே வந்தார். ஹீலியம் லேசானது, மேலே ஏறும். கீழிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு கசிகிறது என்று குழம்பிவிடும். ஏழாவது இணைப்பில் கருவி கத்தியது. ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழைக் கீறல். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஹீலியம் ஏன் லேசானது, அதன் அணு ஏன் சின்னஞ்சிறு ஓட்டையிலும் நுழையும் என்று நான் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அது கையில் இல்லை. அமெரிக்கச் சின்னக் கல்லூரியில் இதே கசிவைத் தேடித்தான் ஒரு மாணவி இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறை முழுவதையும் கழிப்பாள். ஹீலியம் கருவி வாங்கக் காசில்லாத இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆல்கஹால் விட்டு, அளவியின் முள் எங்கே துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். 'சின்னக் கல்லூரி' என்று இரண்டையும் ஒரே பெயரில் சொல்கிறோம். ஒன்றில் எட்டுப் பேருக்கு ஒரு விளக்கு, இன்னொன்றில் ஒருத்திக்கு ஓர் அறை. என்னைக் கேட்டால், கல்லூரியின் பெயரையும் தரவரிசையையும் விட இந்த விகிதம்தான் பின்னால் வேலையைத் தீர்மானிக்கிறது.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். சட்டம் படித்தால் வழக்கறிஞர், கணக்கியல் படித்தால் கணக்காளர். 'இயற்பியலாளர் தேவை' என்று இங்கே வேலை விளம்பரம் வருவது அபூர்வம். படிப்பின் பெயரும் வேலையின் பெயரும் சேர்ந்து வருகிற இடம் எனக்குத் தெரிந்து மருத்துவமனைதான். மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் இடங்களில், நோயாளிகள் வருவதற்கு முன் காலையிலேயே வந்து, இயந்திரம் இன்று கொடுக்கும் அளவு நேற்றுக் கொடுத்த அளவுதானா என்று ஓர் அயனிக் கலத்தை வைத்துச் சரிபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், பெரிய அளவீடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் உடம்பின் இடத்தில் நிற்கும். ஊட்ரமில் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2023இல் திறந்தது. அங்கே புரோட்டான்களை ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலாக முடுக்கி உடம்புக்குள் செலுத்துகிறார்கள். புரோட்டானுக்கு ஒரு குணம் உண்டு. போகிற வழியெல்லாம் ஆற்றலைக் கொஞ்சமாகச் செலவழித்து, நிற்கப் போகிற இடத்தில் மிச்சத்தை மொத்தமாகக் கொட்டிவிடும். கட்டி இருக்கும் ஆழத்தில் அந்தக் கொட்டல் நிகழும்படி ஆற்றலைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு அப்பால் உள்ள உறுப்பு தப்பும். அந்தக் கணக்கில் சில மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டே செய்கிற வேலை. இளநிலைப் பட்டம் மட்டும் போதாது, பெரும்பாலும் முதுநிலையும் நீண்ட பயிற்சியும் வேண்டும். இடங்களும் குறைவு.

ஃபேப் அப்படியில்லை, ஆள் எடுத்துக்கொண்டே இருக்கும். பிராசஸ் இன்ஜினியர் என்று கடிதத்தில் போடுவார்கள். பொறியியல் படித்தவரும் இயற்பியல் படித்தவரும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். பிளாஸ்மா, ஒளியியல், வெற்றிடம், குறைகடத்தி என்று படித்ததெல்லாம் உபயோகப்படும் இடம் இது. நம் சி.வி. ராமன் கூட இங்கே வருகிறார். சிலிக்கான் படிகத்தில் எவ்வளவு இறுக்கம் இருக்கிறது என்று பார்க்க லேசரை அடித்து, சிதறி வரும் ஒளியில் ராமன் கோட்டைப் பார்ப்போம். 520 என்ற எண்ணிலிருந்து அது ஒரு துளி நகர்ந்திருந்தாலே கதை தெரிந்துவிடும். அந்த ராமனே 1907இல் படிப்பு முடிந்ததும் அறிவியலில் வேலை கிடைக்காமல் நிதித் துறையில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தவர். பத்து ஆண்டுகள் அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில்தான் ஆய்வு. இதைச் சொன்னதும் அத்தானுக்குக் கொஞ்சம் நிம்மதி. அவர் வங்கியில் இருக்கிறார். வங்கிகளும் இயற்பியல் படித்தவர்களை எடுக்கின்றன. ஆனால் அவர்கள் எடுப்பது நியூட்டனுக்காக இல்லை, நிகழ்தகவும் நிரலும் கைவந்திருக்கிறது என்பதற்காக. அது வராமல் பட்டம் மட்டும் இருந்தால் அங்கே மதிப்பில்லை.

ஃபேபின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் உண்டு. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. தண்ணீர் குடிக்கக் கூட வெளியே வந்து கழற்ற வேண்டும். தீபாவளி அன்று இரவு ஷிஃப்ட் விழுந்தால் சக ஊழியரிடம் கெஞ்ச வேண்டும்.

ஆசிரியர் வேலை நிலையானது, கௌரவமானது. கல்வி அமைச்சு வழியாகச் சேர்ந்து தேசியக் கல்விக் கழகத்தில் பட்டயம் படித்தால் உயர்நிலைப் பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ இயற்பியல் சொல்லிக் கொடுக்கலாம். டியூஷன் என்ற தனி உலகத்தைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அக்கா மகளின் மனத்தில் இருப்பது குவாண்டம். அதுவும் வெறும் கனவு இல்லை. குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் 2007இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் தொடங்கியது. பின்னிப் பிணைந்த ஒளித்துகள்களை உண்டாக்கும் ஒரு குட்டிச் செயற்கைக்கோளை 2019இல் விண்ணுக்கு அனுப்பினார்கள். 2024இல் தேசியக் குவாண்டம் உத்திக்கு ஐந்தாண்டுகளுக்குக் கிட்டத்தட்ட 30 கோடி வெள்ளி என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனால் இந்த வழியில் முனைவர் பட்டம் தவிர்க்க முடியாது. பட்டம் முடித்து மேலும் ஐந்தாறு ஆண்டு. அந்த வகையில் சின்னக் கல்லூரி கெட்ட தொடக்கமில்லை. லேசரால் அணுக்களைக் குளிர்விப்பதற்கு 1997இல் நோபல் வாங்கிய வில்லியம் பிலிப்ஸ், பென்சில்வேனியாவின் ஜூனியாட்டா என்ற சிறு கல்லூரியில் படித்தவர். இன்று அணுக்களைக் குளிரவைத்து வேலை செய்கிற எல்லா ஆய்வுக்கூடங்களும் அந்த வழியில் வந்தவைதான்.

அடுத்து, போஸ்டரில் போடாத சங்கதிகள். சின்னக் கல்லூரியில் பேராசிரியர் ஆறேழு பேர். ஒருவர் ஓராண்டு ஆய்வு விடுப்பில் போனால் அந்தப் பாடமே அந்த ஆண்டு இருக்காது. மேல்நிலைப் பாடங்கள் சில, ஓராண்டு விட்டு ஓராண்டு வரும். பெரிய பல்கலைக்கழகத்து மாணவர் முனைவர் படிப்புப் பாடத்தையே மூன்றாம் ஆண்டில் எடுத்துவிட்டு வருவார். இவளுக்கு அது கிடைக்காது. வெளிநாட்டு மாணவருக்கு இன்னொரு தடையும் உண்டு. அமெரிக்க அரசின் அறிவியல் அறக்கட்டளை நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டங்கள் சின்னக் கல்லூரி மாணவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். சிங்கப்பூர்க் கடப்பிதழோடு போகிறவள் தன் கல்லூரியின் சொந்த நிதியை நம்பியே இருக்க வேண்டும். அந்த நிதி எவ்வளவு, வெளிநாட்டவருக்கு உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பிறகு பெயர். ஜூனியாட்டா என்றாலும் கிரின்னல் என்றாலும் இங்கே ஆள் எடுக்கும் அதிகாரிக்கு எதுவும் தோன்றாது. முதல் வேலைக்கு இது உண்மையான இழப்பு. கையில் செய்த ஒரு கருவியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசத் தெரிந்தால் நேர்காணலில் ஈடுகட்டலாம். நேர்காணல் வரை போவதுதான் கஷ்டம். உள்ளூரில் படிப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இயற்பியல் பட்டத்தோடு சட்டப்படி பதிவு பெற்ற பொறியாளர் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் வேண்டும். சில சின்னக் கல்லூரிகளில் மூன்றாண்டு இயற்பியலும் அதன் பின் வேறொரு பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு பொறியியலும் படித்து இரண்டு பட்டம் வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. ஓராண்டுச் செலவு கூடும்.

செலவு என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அரசாங்க மானியம் போக உள்ளூரில் குடிமகளுக்கு ஆண்டுக் கட்டணம் எட்டாயிரம் வெள்ளியை ஒட்டி. அமெரிக்கச் சின்னக் கல்லூரிகள் பலவற்றில் உணவு, விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். ஆம்ஹர்ஸ்ட், போடின் மாதிரி ஒரு சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைக்கேற்ப உதவியும் தருகின்றன. அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. உதவி இல்லையென்றால் என் கருத்து வெளிப்படையானது: கடன் வாங்கிப் போக வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங்கிலும் இளநிலை மாணவரை ஆய்வுக்கூடத்துக்குள் விடும் திட்டங்கள் இருக்கின்றன. யாரும் கூப்பிடமாட்டார்கள், முதலாண்டிலேயே நாமே போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய இடத்துக்குள் ஒரு சின்னக் கல்லூரியை நாமே உண்டாக்கிக்கொள்வது அது.

ஆண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை முடித்து வருவதற்குள் வகைநுண்கணிதம் மறந்திருக்கும். சின்ன வகுப்பில் ஆசிரியர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் தேர்வு முடிவுதான் கண்டுபிடிக்கும்.

அக்கா மகளிடம் ஏழு கல்லூரிகளின் பெயரோடு ஓர் அட்டவணை இருந்தது. தரவரிசை, கட்டணம், வானிலை என்று கட்டங்கள். இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: 'போன ஆண்டு மாணவர்கள் எந்தக் கருவியைக் கட்டினார்கள்?' ஏழு இயற்பியல் துறைகளுக்கும் அதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்றிலிருந்து வண்ணக் கையேடு வந்தது. ஒன்றிலிருந்து அலுவலகம் நன்றி சொன்னது. கடைசியாக ஒரு பேராசிரியர் மறுநாளே நான்கு வரி எழுதி ஒரு படமும் அனுப்பியிருந்தார். முழுக்க அலுமினியத் தாளால் சுற்றிய ஓர் எஃகு அறை, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு மாணவிகள்.

"மாமா, இதுக்கு ஏன் ஃபாயில் சுத்தியிருக்காங்க?" என்று கேட்டு அதை எனக்கு அனுப்பினாள்.

அறையின் உள்சுவரில் நீராவி ஒட்டிக்கொண்டிருக்கும், பம்பு மட்டும் போட்டால் அது சுலபத்தில் போகாது, அதனால் சூடேற்றும் பட்டையைச் சுற்றி, சூடு வெளியே போகாமலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறவும் தாளைப் போர்த்தி, பம்பு ஓட ஓட இரண்டு மூன்று நாள் வேகவைப்பார்கள் என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "அப்போ வேகும்போது ரப்பர் வளையம் உருகாதா?"

அதற்குத்தான் செம்பு வளையம்.